ஆர்டர் போனிலும் வருகிறது, வாட்ஸ்அப்பிலும் வருகிறது: எப்படி ஒன்றாக்குவது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். 12 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆர்டர் லேண்ட்லைன், வாட்ஸ்அப், மெயில் என மூன்று பக்கமும் வருகிறது. போன வாரம் ஒரே ஆர்டருக்கு இரண்டு பேர் பில் போட்டுச் சரக்கை அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் இணைக்க சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், இப்போதே வேண்டாம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப் அனுப்புவது கடை எண்ணுக்கா, விற்பனையாட்களின் சொந்த எண்ணுக்கா என்று முதலில் பாருங்கள். சொந்த எண் என்றால், அவர் வேலையை விட்டுப் போகும் அன்று அத்தனை பேச்சும் அவரோடு போய்விடும். எந்த சாஃப்ட்வேராலும் அதை மீட்க முடியாது.

ஆகவே கடைக்கென்று ஒரே எண். ஒரு மொபைலில் வாட்ஸ்அப் பிசினஸ் (கடைகளுக்கான வாட்ஸ்அப் செயலி) போட்டு, லேண்ட்லைன் எண்ணையே அதில் பதியலாம். சரிபார்ப்புக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் கேட்காமல் அழைப்பில் கேளுங்கள். அந்த நேரம் லேண்ட்லைனை ஆள் எடுக்க வேண்டும். "ஒன்றை அழுத்தவும்" என்று இயந்திரம் எடுத்தால் குறியீடு கிடைக்காது. பிறகு அந்த மொபைலோடு நான்கு கணினிகள் வரை இணைக்கலாம், செலவில்லை. 'புது ஆர்டர்', 'பில் போட்டாச்சு' என்று ஒவ்வொரு வாடிக்கையாளரின் பேச்சுக்கும் செயலியிலேயே லேபிள் ஒட்டுங்கள். உங்கள் இரட்டை பில் தொல்லை பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

போனில் வரும் ஆர்டரையும் இங்கேயே கொண்டுவாருங்கள். பேசி முடித்ததும் "6205 பேரிங் 20" என்று டைப் செய்து அனுப்பி, 'சரி' வாங்கிக்கொண்டு பில் போடுங்கள். கேட்டது 6205ஆ 6305ஆ என்ற சண்டையும் இருக்காது. மெயிலுக்கு ஆள் பெயரில் இல்லாத பொது முகவரி ஒன்று போதும்.

இந்த நான்கு கணினியும் போதாமல் போகும்போது வாட்ஸ்அப் ஏபிஐ சேவையை (வாட்ஸ்அப்பை வேறு சாஃப்ட்வேரோடு இணைக்கும் வழி) யோசிக்கலாம். அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டினால், முன்பே ஒப்புதல் வாங்கிய செய்தியைத்தான் அனுப்ப முடியும். பெரும்பாலும் அதற்குக் கட்டணமும் உண்டு. விற்க வருபவரிடம் இதை நீங்களாகக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இணையம் வழியாகப் பேசும் ஐபி போனுக்கு மாறச் சொல்வார்கள். இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட்கூட ஆகாது. கரண்ட்தான் விஷயம். செப்புக் கம்பியில் வரும் சாதாரண போன் கரண்ட் போனாலும் பேசும், ஐபி போன் பேசாது. கொட்டேஷனில் ரவுட்டருக்கும் போன்களுக்கும் யுபிஎஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.