கஜக் தொப்பிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, கஜகஸ்தான் நாட்டுக் கஜக் கல்யாணப் படங்களில் மணப்பெண் தலையில் கோபுரம் மாதிரி இருக்கிறதே, அது கிரீடமா?

அதன் பெயர் சவ்கெலே. கல்யாணப் பெண்ணுக்கு மட்டும்தான். உள்ளே கெட்டியான கம்பளி, மேலே வெல்வெட், வெள்ளி, பவளம், முத்து, ஓரத்தில் விலங்கு ரோமம். அரை மீட்டருக்கு மேல் உயரமானதும் உண்டு. பெண் வீட்டார்தான் செய்து தருவார்கள், அந்தக் காலத்தில் விலையைக் குதிரைகளில் கணக்கிட்டார்கள், பணக்கார வீடுகளில் நூறு குதிரை வரை போனதாகச் சொல்வார்கள். இப்போது பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அல்மாட்டியில் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் நின்றே பார்த்தேன். பெத்தஷார் என்ற முகத்திரை விலக்கும் சடங்கு. பாடகர் தொம்ப்ராவை மீட்டியபடி மாப்பிள்ளை வீட்டு உறவுகளை ஒவ்வொருவராகப் பாடி அழைக்க, பெண் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்குகிறாள், கன்னத்தோரம் தொங்கும் சரங்கள் அப்போதெல்லாம் சலசலக்கின்றன, கழுத்து மட்டும் விறைப்பாகவே நிற்கிறது, அவ்வளவு கனம். முகம் பார்த்ததற்கு அவர்கள் தரும் பரிசுக்கு கொரிம்திக் என்று பெயர்.

கேள்வி: கல்யாணத்துக்கு அப்புறம்?

அந்தக் காலத்தில், கொஞ்ச காலம் விசேஷங்களுக்கு சவ்கெலேயைப் போடுவாள். முதல் குழந்தை பிறந்ததும் கிமெஷெக். முகம் மட்டும் தெரிய தலை, தோள், மார்பு, முதுகு எல்லாவற்றையும் மூடும் வெள்ளைத் துணி. இளம் தாய் என்றால் முகத்தைச் சுற்றி வண்ண நூல் வேலைப்பாடு இருக்கும், வயதாக ஆக வெறும் வெள்ளை. வெள்ளை என்றதும் நமக்குத் தோன்றுவது வேறு, அங்கே அது தாய்க்கும் பாட்டிக்கும் உரிய கௌரவம். ஒருத்தியின் தலையைப் பார்த்தாலே அவள் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கேள்வி: சின்னப் பெண்கள் தொப்பியில் ஆந்தை இறகாமே, அபசகுனம் இல்லையா?

நமக்குத்தான் அபசகுனம். அவர்களுக்கு அது கண்ணேறு கழிக்கும் இறகு. தொட்டிலிலும் கட்டுவார்கள், தொம்ப்ராவிலும் கட்டுவார்கள்.

கேள்வி: 1969இல் கிடைத்த ‘தங்க மனிதன்’ தொப்பியிலிருந்து வந்ததுதான் சவ்கெலே என்கிறார்களே?

அல்மாட்டிக்குப் பக்கத்தில் இஸ்ஸிக்கில், சாகர் என்ற பழங்கால நாடோடி மக்களின் கல்லறையில், தங்கம் பதித்த உடையோடு கிடைத்தவர் அந்தத் ‘தங்க மனிதன்’. தொப்பியின் கூம்பு வடிவம் ஒத்துப்போகிறது, உண்மைதான். ஆனால் நடுவில் இரண்டாயிரம் வருஷம் இருக்கிறது, ஒற்றுமை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே சரி.

கேள்வி: வேலை விஷயமாகப் போனபோது விருந்தில் அங்கியும் தொப்பியும் போட்டுவிட்டார்கள். திருப்பித் தரணுமா?

வேண்டாம், அது உங்களுக்குத்தான். நம் பொன்னாடை மாதிரி. ஆனால் தரையில் வைக்காதீர்கள், காலால் தள்ளாதீர்கள், நீங்கள் போட்ட தொப்பியை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள், அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பார்கள். உயரமான ஆணியில் மாட்டி வையுங்கள்.