பத்மநாபபுரம் உண்மையிலேயே தலைநகரா, ஏன் மாற்றினார்கள்?

ஆம், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம்தான் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். ஊரின் பழைய பெயர் கல்குளம். 1741-ல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். ஊருக்கும் அப்பெயரே வந்தது. குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி தந்தார். டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

மார்த்தாண்ட வர்மாவுக்கு அடுத்து ஆண்ட தர்மராஜா காலத்தில் தலைநகர் திருவனந்தபுரம் போனது. நாடு வடக்கே கொச்சி எல்லைவரை விரிந்தபின் தென்கோடியிலிருந்து ஆள்வது சிரமம். சுவாமி கோயிலும் அங்கேதான். இவையே காரணம் என நினைக்கிறேன்.

அரண்மனைக்குப் போனால் தரையைக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். கண்ணாடிபோல் கருப்பு மினுக்கம். 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தும், அரண்மனைப் பராமரிப்பு கேரள அரசிடமே உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை.