பெங்களூருக்குக் குடிபோகிறேன், அங்குள்ள அரசியலோடு எப்படி ஒத்துப்போவது?

வேலை மாறிப் பெங்களூருக்குப் போகிறேன், காவிரி, மொழி என்று பேச்சு வந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா, நம் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். 2014-இல் இங்கே வந்தேன். அப்பா இன்னமும் ஊரில் நெல் போடுகிறார். அதனால் இந்தக் கேள்வியை நானும் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கருத்தை மாற்ற வேண்டாம். ஆனால் நீங்கள் பேசுவதற்கு முன்னால் அந்த ஊர் எதற்கு வருத்தப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரியவே இரண்டு வருடம் ஆனது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். வந்த புதிதில் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள், கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததுதானே என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்த ஹாசன்காரப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். நான் சொன்னது சரியும் இல்லை. இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்த அக்கா தங்கை மொழிகள் என்பதுதான் மொழியியல்காரர்கள் சொல்வது. அப்புறம்தான் அவனுடைய கோபத்தின் வேர் புரிந்தது. 1956 வரை கன்னடம் பேசிய மக்கள் மைசூர், பம்பாய், ஹைதராபாத், சென்னை, குடகு என்று பல மாகாணங்களில் சிதறிக் கிடந்தார்கள். மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயரே 1973-இல்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. சொந்தத் தலைநகரத்தில் சிறுபான்மையாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 அன்று தெருமுனையில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி ஒலிபெருக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றாது. இந்தித் திணிப்பு என்றால் நமக்கு வருகிற கோபம்தான் அவர்களுக்கும் வருகிறது.

அதனால் முதல் வேலை, "கன்னட கொத்தில்லா" என்ற வாக்கியத்தை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கன்னடம் தெரியாது என்று பொருள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இதை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்பது இங்கே பெரிய மனக்குறை. "ஸ்வல்ப ஸ்வல்ப கொத்து", அதாவது கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று ஆரம்பியுங்கள். ஆட்டோக்காரர் முகமே மாறும். தமிழ் தெரிந்தவருக்கு ஆறு மாதத்தில் பேச வந்துவிடும். இதில் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

காவிரிக்கு வருகிறேன். நான் குடியிருந்த வீட்டு ஓனர் மண்டியா மாவட்டம் மத்தூர்க்காரர். ஊரில் விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்தில் கரும்பும் ராகியும் போடுகிற குடும்பம். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். முதல் இரண்டு வருடம் எங்கள் பேச்சு "நீரு பந்தா?", "ஊட்ட ஆய்த்தா?" என்பதோடு சரி. தண்ணீர் வந்ததா, சாப்பாடு ஆயிற்றா. அதற்குமேல் போனால் சண்டை வருமோ என்று நான் பயந்தேன். அவரும் பயந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார்.

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு அன்று திருத்தப்பட்டது. நொடிக்கு 15,000 கன அடி என்பது 12,000 ஆனது, ஆனால் நாட்கள் கூடின. காலையில் சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் ஒன்று தாக்கப்பட்ட செய்தியும் வந்திருந்தது. மதியத்துக்குள் இங்கே கடைகள் மூடிவிட்டன. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்தன. அலுவலகத்திலிருந்து நடந்தே வந்தேன். தெருவில் நிறுத்தியிருந்த என் வண்டியை, டி.என். 50 என்று ஆரம்பிக்கிற நம்பரோடு, காணோம். எரித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உள்ளே போனால் காம்பவுண்டுக்குள், மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. நம்பர் பிளேட்டின் மேல் ராகி மூட்டையின் கோணிச்சாக்கை இழுத்துக் கட்டியிருந்தார். பூட்டியிருந்த வண்டியை அவரும் அவர் மகனும் தூக்கியே கொண்டுவந்திருக்கிறார்கள். "ரெண்டு நாள் வெளிய எடுக்காதே" என்று தமிழில் சொன்னார். அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. முத்தெ, சொப்பு சாரு, அதாவது ராகிக் களியும் கீரைக் குழம்பும். அப்போதுதான் நிஜமாகப் பேசினோம். தினமும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அவர் முதலில் பார்ப்பது கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம். அவர்கள் அதைக் கன்னம்பாடி கட்டே என்கிறார்கள். முழுக் கொள்ளளவில் 124.80 அடி. என் அப்பா மன்னார்குடி டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம், 120 அடி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பது குடகு மலையில் பெய்கிற ஒரே மழையை. இதை நான் சொன்னதும் அங்கிள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு "உங்க அப்பாவுக்கு எத்தனை ஏக்கரு?" என்று கேட்டார்.

உடனே இருவரும் ஒன்றாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கர்நாடகம் வருடத்துக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தபோது அவர் இதுவே அதிகம் என்றார், நான் இது எங்களுக்கு அநியாயம் என்றேன். இன்றும் அப்படித்தான். மாதாமாதம் கணக்குப்படி தண்ணீர் வந்தால்தான் குறுவை பிழைக்கும் என்பதை நான் அவரிடம் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறைப்பில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து மேலேற்றி வருகிற அந்தத் தண்ணீரைத்தான் நான் குடிக்கிறேன், என் பிள்ளை குடிக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "குடிக்கிற தண்ணிக்கு எவன்டா கணக்குப் பாப்பான்" என்றார்.

அப்புறம், இங்கேயே நான்கைந்து தலைமுறையாக இருக்கிற தமிழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கண்டோன்மென்ட் காலத்திலேயே பட்டாளத்தோடும் கட்டட வேலையோடும் வந்தவர்களின் பிள்ளைகள். நாம் ஐ.டி. வேலைக்கு வந்து ஊர்ப் பெருமை பேசிவிட்டுப் போய்விடுவோம். 1991 காவிரிக் கலவரத்தில் வீடிழந்தவர்கள் அவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் சாக்குத் துணிக்குள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தார்கள். அல்சூரில் பூ விற்கிற அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "நீங்க பேசிட்டு ஊருக்குப் பஸ் ஏறிடுவீங்க தம்பி. கல்லு எங்க வீட்டு மேல விழும்." காவிரி சூடாக இருக்கிற வாரத்தில் இணையத்தில் எதையாவது எழுதப் போகும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

கட்சி அரசியல் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இங்கே காங்கிரஸ், பா.ஜ.க., மதச்சார்பற்ற ஜனதா தளம். ஒக்கலிகர், லிங்காயத்து என்று சாதிக் கணக்கே வேறு. நம்மூர்க் கட்சிச் சண்டையை இங்கே யாருக்கும் விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம்.

ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் ஐந்து வருடம் ஊர் ஓட்டை விடாமல் வைத்திருந்தேன், தேர்தலுக்குத் தேர்தல் பஸ் பிடித்துப் போவேன். அது பாசம்தான், ஆனால் சட்டப்படி வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருக்கவே கூடாது. படிவம் 8 போதும், இணையத்திலேயே போடலாம். வாடகை வீடு என்றால் பதிவு செய்த ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் காட்டலாம். இந்த நகரத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மாநகராட்சியில் 2020 செப்டம்பரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் வருடக்கணக்கில் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். எங்கள் தெருவில் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், அடைத்துக்கொண்டபோது போய்க் கேட்கக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து வார்டு அலுவலகத்துக்குப் போனோம். என் அரைகுறைக் கன்னடத்தில் நானும் பேசினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எடுத்துக்கொடுத்தார். கால்வாய் சுத்தமாக நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் எங்கள் தெருவில் என்னை யாரும் "தமிழ்நாட்டவரா?" என்று கேட்கவில்லை, "நாளைக்கு வர்றீங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

இப்போது வேறு பகுதிக்கு வீடு மாறிவிட்டேன். 2025 ஜூன் கடைசியில் ஒருநாள் அங்கிளிடமிருந்து போன். "கட்டே தும்பிதே!" அணை நிரம்பிவிட்டது, அதுவும் ஜூனிலேயே. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வைத்துவிட்டு உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "மேட்டூரு நூத்திருவதுடா" என்றார்.