பெடல் வாங்கும் முன் ஸ்ட்ரிங் மாற்றுங்கள்

கேள்வி: கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோரின் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 'ஸ்கேட்டர்ட்' பாட்டின் கிட்டார் சோலோவை வாசிக்க ஆசை. என்னிடம் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் எலெக்ட்ரிக் கிட்டார், 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப், சத்தத்தைக் கரகரப்பாக்கும் பிக் மஃப் பெடல் இருக்கின்றன. ஆனால் சத்தம் மெலிசாக, பொரபொரவென்று வருகிறது. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு. கம்பியை இழுத்து பெண்ட் செய்தால் ஸ்ருதி விலகிவிடுகிறது. இன்னும் என்னென்ன பெடல் வாங்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு ஒரு பெடலும் வேண்டாம். ஒரு ஸ்ட்ரிங் செட் மட்டும் வாங்குங்கள்.

பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவில் வாசித்த காலம் முதல் கில்மோரோடு இருந்த கறுப்பு ஸ்ட்ராட்டை 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். 39.75 லட்சம் டாலருக்குப் போனது. தன் சேகரிப்பிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கிட்டார்களை அவர் அன்று விற்று, வந்த சுமார் 2.15 கோடி டாலரையும் பருவநிலைப் பாதுகாப்புக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' வெளிவந்தது 2024 செப்டம்பரில், அவருடைய 78-வது வயதில். அந்தப் புகழ்பெற்ற கிட்டார் கையில் இல்லாமலே உருவான ஆல்பம் இது. ஆனாலும் இரண்டு சுரம் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் மூன்று பிரச்சினைகளுக்கும் வழி கிடைக்கும்.

முதலில் பெண்ட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10-46 செட்டில் 2-வது கம்பி 13, 3-வது 17 (எண்கள் கம்பியின் தடிமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). கில்மோர் பெயரில் ஜிஹெச்எஸ் கம்பெனி விற்கும் செட்டில் அவை 12, 16. கீழ்ஸ்தாயிக் கம்பிகள் மட்டும் 28, 38, 48 என்று கனமாக இருக்கும். சோலோவில் அதிகம் இழுபடுவது அந்த 2, 3 கம்பிகள்தான், அதனால் இந்தச் சின்ன வித்தியாசம் விரலுக்கு நன்றாகவே தெரியும். அந்த செட் கிடைக்காவிட்டால் சாதாரண 10 செட்டே போதும். 9 வேண்டாம், இழுக்கச் சுலபம் என்றாலும் போய் நிற்க வேண்டிய சுரத்தைத் தாண்டிவிடும்.

புதுக் கம்பி மாட்டியதும் ஒவ்வொன்றையும் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். ட்யூனிங் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பெண்ட் முடித்துத் திரும்பும்போது ஸ்ருதி இறங்கியிருந்தால் பெரும்பாலும் கம்பி நட்டின் (கிட்டார் கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பள்ளத்தில் சிக்கியிருக்கும். பென்சில் முனையைப் பள்ளத்தில் நாலு தடவை தேயுங்கள். கிராஃபைட் படிந்தால் கம்பி வழுக்கித் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்து கம்பியின் உயரம். 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் அளந்தால் 1-வது கம்பி சுமார் 1.6 மி.மீ., 6-வது கம்பி 2 மி.மீ. இருக்கட்டும். இதைவிடத் தாழ்த்தினால் வேகமாக வாசிக்க வசதியாகத் தோன்றும். ஆனால் வளைவு அதிகமான பழைய மாடல் ஃபிங்கர்போர்டில் கம்பியை இழுக்கும்போது அது மேல் ஃப்ரெட்டில் உரசி, சுரம் பாதியிலேயே செத்துவிடும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப்பையும் கவனியுங்கள். அது கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அதன் காந்தம் கம்பியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். ட்யூனர் சரியென்று காட்டினாலும் காதுக்கு அபஸ்வரமாகக் கேட்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்திலிருந்து பிக்-அப் காந்தம் வரை 2 முதல் 2.4 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இனி பயிற்சி. 3-வது கம்பி, 9-வது ஃப்ரெட். முதலில் 11-வது ஃப்ரெட்டை அழுத்தி அந்தச் சுரத்தைக் கேளுங்கள். பிறகு 9-க்கு வந்து, அதே சுரம் வரும்வரை இழுங்கள். மோதிர விரல் இழுக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கட்டைவிரல் கிட்டார் கழுத்தின் மேல் விளிம்பைப் பிடித்திருக்க, மணிக்கட்டு திரும்ப வேண்டும். விரல் மட்டும் வேலை செய்தால் ஸ்ருதி நிற்காது. இது பிடிபட்ட பிறகு 12-வது ஃப்ரெட் சுரம், அதன்பின் 13. வீணையில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. கில்மோர் செய்வதும் அதேதான்: சுரத்துக்கு வந்து சேரும் வழியையே பாட்டாக்குவது. சேர்ந்ததும் உடனே அசைக்காதீர்கள். ஒரு பீட் அப்படியே நிற்கட்டும், அதன் பிறகு வைப்ரேட்டோ, அதாவது சுரத்தின் அசைவு. அவர் ட்ரெமலோ பிடியை (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அசைக்கும் உலோகத் தண்டு) குட்டையாக வைத்துக்கொண்டு, உள்ளங்கைக்குள் பிடித்தபடியே பிக் செய்கிறார். அந்த மெல்லிய நடுக்கத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

பிக் மஃப் விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை. அந்தப் பெடல் நடு அதிர்வெண்களைக் குறைத்து, அடியையும் உச்சியையும் தூக்கிக் கொடுக்கும். கில்மோர் மேடையில் வைத்திருந்த 100 வாட் ஹைவாட் போன்ற வால்வு ஆம்ப்பில், 12 அங்குல ஸ்பீக்கர்களில், அது மலைபோல் நிற்கும். உங்கள் ஆம்ப்பின் சின்ன ஸ்பீக்கரால் அடியைக் காட்ட முடியாது. நடுப்பகுதியோ ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சுவது பொரபொரப்பு மட்டும்தான். பெடலில் சஸ்டெயினைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், டோனை 10 மணி முள் அளவுக்குத் திருப்புங்கள், ஆம்ப்பில் மிடில் 7, ட்ரெபிள் 4 வையுங்கள். ஆம்ப்பின் கெயினைக் கூட்டவே கூடாது. இந்த ஆல்பத்துக்கு மஃப்பே இல்லாமல், லேசான ஓவர்டிரைவ் (மென்மையான கரகரப்பு) மட்டும் வைத்தாலும் நன்றாகவே ஒத்துப்போகும்.

இரைச்சலைப் பொறுத்தவரை, ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயில் பிக்-அப், சுற்றியுள்ள மின்காந்த இரைச்சலையெல்லாம் வாங்கும். மஃப் அதைப் பல மடங்காக்கும். ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் அடாப்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று இறங்கும். பல ஸ்ட்ராட்களில் ஸ்விட்ச்சின் 2, 4-வது நிலைகளில் இரண்டு பிக்-அப்கள் சேர்ந்து இரைச்சலை அடித்துவிடும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்புதான். ஆனால் ஷாக் அடித்தால் வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் பணம் சேர்ந்தால் முதலில் எதிரொலி தரும் டிலே, அதன்பின் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர். வரிசை: கிட்டார், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிலே, ஆம்ப். டிலே நேரத்துக்குக் கணக்கு உண்டு. 60,000-ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லி செகண்டில் வரும். வேகம் 72 என்றால் 833. அதில் முக்கால் 625. இரண்டையும் வைத்துப் பார்த்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு எதிரொலி, மிக்ஸ் 20 சதவீதம் போதும். எதிரொலி தனியாகக் காதில் விழுந்தால் அது அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் சார்லி ஆண்ட்ரூ, பிங்க் ஃப்ளாய்ட் பெருமையில் மயங்காதவர். இங்கே எதற்கு சோலோ, எல்லாப் பாட்டும் ஏன் சத்தம் தேய்ந்தே முடிய வேண்டும் என்று கில்மோரிடமே கேட்டிருக்கிறார். அதனால்தான் இதில் சோலோ வரும் இடங்களுக்கு இத்தனை எடை. டைட்டில் பாட்டில், 2008-ல் மறைந்த பிங்க் ஃப்ளாய்ட் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் அதற்கு முந்தைய ஆண்டு கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் வாசித்த கீபோர்டு இருக்கிறது. அந்த மூல வாசிப்பு சுமார் 14 நிமிடம். போனஸ் டிராக்காகக் கிடைக்கிறது. அதைப் போட்டுவிட்டு கூடவே வாசியுங்கள். ரைட் வாசிக்கும்போது நீங்கள் நிறுத்த வேண்டும், அவர் விட்ட இடத்தில் மட்டும் நுழைய வேண்டும்.

'ஸ்கேட்டர்ட்' சோலோவும் எலெக்ட்ரிக்கில் தொடங்குவதில்லை. முதலில் அகூஸ்டிக், பிறகுதான் ஸ்ட்ராட். அகூஸ்டிக் பகுதியை முதலில் எடுங்கள். கேட்கும் செயலியில் வேகத்தை 75 சதவீதமாக்கி, ஒரு வரியை வாயால் பாடி, பிறகு கிட்டாரில் தேடுங்கள். வாசித்ததை ஃபோனில் பதிவு செய்து கேட்டால், எந்த பெண்ட் எட்டாமல் நிற்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.