மார்ஃப் மிரட்டல், குரூப் கேலி: கேள்வி பதில்

பள்ளியில் கவுன்சலராக இருக்கேன். கேட்டதுக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ. என் டிபியை எடுத்து அசிங்கமா மார்ஃப் பண்ணி, "ஐயாயிரம் அனுப்பு, இல்லைன்னா கிளாஸ் குரூப்ல போட்டுடுவேன்"னு ஒருத்தன் மிரட்டுறான். வீட்ல சொல்ல பயமா இருக்கு.

பதில்: கண்ணு, டிபி வச்சது உன் தப்பே இல்ல. ஒரு ரூபாகூட அனுப்பாதே, ருசி கண்டா மறுபடி கேட்பான். சாட்டை அழிக்காதே. மிரட்டல் மெசேஜ், அவன் ஐடி, தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. புரொஃபைல் லிங்க்கையும் எழுதி வை. அப்புறம்தான் ரிப்போர்ட், பிளாக் எல்லாம். அந்தப் படத்தை மட்டும் ஆதாரம்னு சொல்லி தோழிக்குக்கூட ஃபார்வர்ட் பண்ணிடாதே. 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களோட ஆபாசப் படத்தை அனுப்புறது ஐடி சட்டம் 67பி பிரிவுல குற்றம்.

படம் பரவாம இருக்க 'டேக் இட் டவுன்'னு ஒரு இலவச சேவை இருக்கு. படம் உன் போனை விட்டுப் போகாது. அந்தப் படத்துல இருந்து உருவாக்கின ஒரு குறியீடு, அதாவது படத்தோட டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அதை வச்சு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி தளங்கள் தடுக்கும்.

பொய்யா உருவாக்கின படத்தைக் காட்டிப் பிள்ளைகளை இப்படி மிரட்டுறதே, பாலியல் குற்றங்கள்ல இருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டத்தோட 11ஆம் பிரிவுல வருது. 3 வருஷம் வரை ஜெயில். பயப்பட வேண்டியவன் அவன்தான். இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லு. வாய் வரலைன்னா இந்தப் பதிலைக் காட்டு.

கேள்வி: மேடம், இதைப் படிச்சதும் பையன் போனை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சரிதானே?

பதில்: திருப்பிக் கொடுத்துடுங்கம்மா. "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க"ன்னுதான் பிள்ளைங்க வாயே திறக்கிறதில்ல. எங்கிட்ட வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன், சாப்பிடும்போது மெசேஜ் வந்தா போனைக் கவிழ்த்து வைப்பானாம். கறுப்பா இருக்கான்னு அவன் முகத்தையே ஸ்டிக்கராக்கி குரூப்ல ஓட்டியிருக்காங்க. கவிழ்த்து வைக்கிறானேன்னு அவங்க அம்மா பக்கத்துல உட்கார்ந்து கேட்டதாலதான் விஷயம் வெளியே வந்தது.

கேள்வி: நான் அப்படி ஒரு குரூப்ல இருக்கேன். எதுவும் போடல, சிரிக்கிற எமோஜி மட்டும்தான். தப்பா?

பதில்: தப்புதான் தம்பி. நான் சொன்ன அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஸ்டிக்கரைக் காட்டினப்போ, கீழே யார் யார் சிரிச்சிருந்தாங்கன்னு பேர் பேரா சொன்னான். நீ அந்த எமோஜியை எடுத்துட்டு, "டேய், எனக்கு அது பிடிக்கல, நாளைக்கு என்கூட சாப்பிட வா"ன்னு உங்க குரூப்ல கேலிக்கு ஆளானவனுக்குத் தனியா ஒரு மெசேஜ் போடு.

கேள்வி: போலீஸ்னா பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பாங்களே?

பதில்: போக்சோ வழக்குல வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து வாங்கலாம். அதுவும் யூனிஃபார்ம் இல்லாம வரணும்னு சட்டமே சொல்லுது. பிள்ளை பேரு, ஸ்கூல் பேரு வெளியே வரக்கூடாது. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மத்ததுக்கு குழந்தைகள் உதவி எண் 1098, ராத்திரியும் எடுப்பாங்க.

கேள்வி: அக்கா, அம்மாகிட்ட காட்டிட்டேன். பக்கத்துலதான் இருக்காங்க.

பதில்: ரொம்ப நல்லது கண்ணு. மிரட்டின சாட்டோட ஸ்கிரீன்ஷாட்டை அம்மா போன்லயும் ஒரு காப்பி வை, படம் வேண்டாம். இப்பவே ரெண்டு பேரும் 1098க்குக் கூப்பிடுங்க.