அடிபட்ட பூனை, ஆபரேஷன், மலைக்குளிர்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் பூனை மீது ஜீப் மோதிவிட்டது. உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆனால் டாக்டர் மறுநாள்தான் ஆபரேஷன் செய்தார். பூனை பிழைத்துவிட்டது. இருந்தாலும் அந்தத் தாமதம் சரியா? (குன்னூர்)

பதில்: சரிதான். பூனை பிழைத்ததில் அந்த ஒரு நாளுக்கும் பங்கு உண்டு. பலமாக அடிபட்ட நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்கும். பூனைக்குப் பெரும்பாலும் நேர்மாறு: உடம்பு சில்லிட்டு, நாடி மந்தமாகி, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நல்ல பூனையின் உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் ஊர் மார்கழிக் குளிரில் சாலையோரம் கிடந்த பூனைக்கு அது எவ்வளவு இறங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பது கடினம். சலைனையும் அவசரமாக ஏற்றக் கூடாது. உடம்பு சூடேறியதும் அந்த நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஆக்சிஜன், வலி மருந்து, மெதுவான சூடு. அப்புறம்தான் கத்தி. இரைப்பையே நெஞ்சுக்குள் ஏறி உப்பிக்கொண்டால் மட்டும் காத்திருக்க முடியாது, உடனே திறந்தாக வேண்டும்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அடிபட்ட பூனை கத்தாமல் ஒடுங்கி உட்கார்ந்தால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வயிறு எக்கி எக்கி வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் கம்பளி விரித்துப் படுக்க வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் இறுக்கிப் பிடித்து வருவதால் நெஞ்சு இன்னும் அழுந்தும்.

கேள்வி: காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் பூனையின் கால் மாட்டிக்கொண்டது. கம்பியை எடுத்துவிட்டோம். கால் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமா? (கோத்தகிரி)

பதில்: இன்றே போங்கள். கம்பி இறுக்கிய இடத்தில் ரத்தம் நின்றுபோன சதை உடனே கறுக்காது. மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் தோல் நிறம் மாறி உரியும். பாதம் சில்லென்று இருந்தாலோ வீங்கினாலோ கால் போய்க்கொண்டிருக்கலாம். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், கம்பியைக் கட்டியிருக்கும் முனையில் வெட்டி, காலில் இருப்பதை அப்படியே விட்டுக் கொண்டுவாருங்கள். காலை எடுக்க நேர்ந்தாலும் மனம் உடைய வேண்டாம். மூன்று காலில் மதில் ஏறும் பூனைகள் எத்தனையோ உண்டு.

விடுவிக்கும்போது உங்களைக் கடித்திருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போங்கள். ரேபிஸ் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. அப்படிப்பட்ட மலையில் 'பூனைக்கடிதானே' என்ற பேச்சை இன்னும் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. சுருக்கு வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தோட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தொடை எலும்பில் கம்பி வைத்து இரண்டு நாள் ஆகிறது. பூனை எதுவும் தின்னவில்லை. தானாகச் சரியாகுமா? (ஊட்டி)

பதில்: காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். வெங்காயம், பூண்டு, உப்பு சேர்க்காத கோழி வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள். குளிரில் ஆறிய சாப்பாட்டில் வாசனை எழாது, வாசனை இல்லாமல் பூனை தின்னாது. இன்று மாலைக்குள் வாய் வைக்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வலி அடங்காததும் காரணமாக இருக்கலாம். வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றியே பக்கத்தில் வையுங்கள், மூடிய அறையில் கரிக் கணப்பு வேண்டவே வேண்டாம். எலும்பு கூடும்வரை, அதாவது ஆறு முதல் எட்டு வாரம், கூண்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வலிக்குப் பாராசிட்டமால் பாதி மாத்திரை தரலாமா? (கூடலூர்)

பதில்: கூடவே கூடாது. பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே கிளம்புங்கள். ஈறு பழுப்பாக மாறும்வரை காத்திருக்காதீர்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போட்டால்தான் வேலை செய்யும். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.