டோனரும் தந்தியும்

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ஸ்வீடனில் வேலை. இங்கே ஒரு தேவாலய வாசலில் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டியில் ‘டோனர்’ என்று எழுதியிருந்தது. அலுவலகம் வந்தால் பிரிண்டரும் அதே எழுத்துகளில் ‘டோனர்’ மாற்றச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லா? நம் ‘தொனி’ இதற்கு உறவா? தமிழில் ‘மைப்பொடி’ எனலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

சுவரொட்டியில் இருந்தது பன்மைச் சொல். ஸ்வீடிஷில் ஸ்வரங்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். டேனிஷிலும் நார்வேஜியனிலும் அதே எழுத்துதான். பிரிண்டரில் இருப்பது ஆங்கிலத்திலிருந்து போனது. ஆனால் இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான்: கிரேக்க மொழியின் ‘டோனொஸ்’.

டோனொஸ் என்றால் முதலில் இழுத்துக் கட்டுவது, விறைப்பு. அது எப்படி ஒலிக்குப் பெயரானது என்று தெரிய, வீணையின் பிரடையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு மீட்டிப் பாருங்கள். கம்பி விறைக்க விறைக்கச் சுருதி ஏறும். விறைப்பின் பெயரையே சுருதிக்கும் வைத்துவிட்டார்கள். அப்புறம் அது நிறத்தின் சாயலுக்கும் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழுப்பாக்க ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய ரசாயனமும் டோனர்தான். டாக்டர்கள் தசையின் ‘டோன்’ என்று சொல்லும்போது பழைய கிரேக்கப் பொருள் அப்படியே இருக்கிறது.

தொனி உறவில்லை. அது வடமொழி ‘த்வனி’யிலிருந்து வந்தது; முகச்சாயல் மட்டும்தான் ஒன்று. உண்மையான சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது: ‘தந்தி’. நீட்டு, இழு என்ற பொருள்கொண்ட ‘தன்’ என்னும் வடமொழி வேர் அதற்கு மூலம். அந்த வேரும் டோனொஸின் வேரும் ஒன்று. வீணைத் தந்தி, பிறகு கம்பி வழியே வந்த செய்திக்கும் தந்தி. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். அந்தச் சொல்லுக்கு ஜெராக்ஸ் கடையில் ஓர் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான் என்று முதலில் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரெஞ்சில் கிட்டத்தட்ட இதே எழுத்தில், நடுவில் ‘ன்’ இரட்டித்து, இடி இடிப்பதற்கு ஒரு சொல் உண்டு. அது வேறு குடும்பம்.

மைப்பொடியை நான் ஏற்கமாட்டேன். மை என்றால் ஈரம், ஊறுவது. டோனர் கரி கலந்த பிளாஸ்டிக் தூள். காகிதத்தில் ஊறுவதில்லை, சூட்டில் உருகி ஒட்டுகிறது. ஜெராக்ஸ் தாள் கைக்கு வெதுவெதுப்பாக வருவது அதனால்தான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்தபோது கரிகூட இல்லை. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். அதன்மேல் தூவியது லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூள்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர், எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, முறத்தில் புடைப்பதுபோல இடமும் வலமுமாக ஆட்டிவிட்டுத் திரும்பப் போடுவார். இன்னும் பத்து இருபது காப்பி வரும். அதற்கும் வராவிட்டால், “பவுடர் தீர்ந்துபோச்சு” என்பார். எனக்கு அந்தச் சொல்லே போதும்.